மூன்று தடவை அழுத்தினால்

இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பு அல்ல. வினாடி வரைக்கும் ஒரு கோப்பில் பதிவாகி இருக்கிறது. அஷ்ரப்பிடம் ஒரு பிரதி, அருண் ஜோசப்பிடம் ஒரு பிரதி. பேய் என்றதும் சிரிப்பவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். நடந்த இடம் கம்பம். பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் சந்தில் மூன்றாவது வீடு. அஷ்ரப் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அவன் சென்னையில் நாலு வருஷம் கால் சென்டரில் இரவு வேலை பார்த்தவன். ஒரு நாள் பாதி ஷிப்டில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினான். திரும்ப ஏறவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் தெரியவில்லை என்றான். ஊருக்கு வந்த ஐந்தாவது மாதம் அவனுடைய அம்மா ஜெய்த்தூன் பீவி அடுப்படியில் விழுந்தாள். பக்கவாதம். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அத்தா, அவனைப் பெற்றவர், எப்போதோ இறந்துவிட்டார். அக்கா ஷாஜியாவை உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. பகலில் அவள் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொண்டாள். ராத்திரி அஷ்ரப். ராத்திரி விழித்துக் கிடக்க ஒரு ஆள் வேண்டும் என்றால் அந்தக் குடும்பத்தில் அவனைவிடப் பழகிய ஆள் கிடையாது.

விழித்திருப்பதற்கு அவனிடம் ஒரு வழிதான் இருந்தது. வேலையில் இருந்தபோது வாங்கிய கேமிங் லேப்டாப். அருண் ஜோசப்பும் இன்னும் மூன்று பேரும் அவனவன் வீட்டில் உட்கார்ந்து, ஹெட்செட்டில் பேசிக்கொண்டு, ஒரே அணியாகத் துப்பாக்கிச் சண்டை ஆடுவார்கள். காதில் ஹெட்செட் ஏறிவிட்டால் வீடே இடிந்தாலும் கேட்காது. முதல் வாரம் அம்மாவின் இடது கைக்கு எட்டும்படி ஒரு மணியைக் கட்டிவைத்தான். இரண்டு ராத்திரி அவள் மணியை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோய் ஈரத்திலேயே கிடந்தாள். காலையில் ஷாஜியா வந்து படுக்கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

அந்த லேப்டாப்புக்கு ஒரு குணம். சார்ஜரில் கரண்ட் இருக்கும்வரை விளையாட்டு வினாடிக்கு நூற்றிருபது பிரேமில், அதாவது நூற்றிருபது படம் மாறி மாறி, ஓடும். திரையின் மூலையில் 120 என்று பச்சையாகத் தெரியும். கரண்ட் நின்றால், பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, அதுவே பிரேமை முப்பதுக்கு இறக்கிவிடும். வழுக்கிக்கொண்டு ஓடிய படம் திக்கித் திக்கி நகரும். அரைத் தூக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். அஷ்ரப் ஒரு பெட் சுவிட்ச் வாங்கிவந்தான். பழைய வீடுகளில் கட்டில் தலைமாட்டில் ஒயரில் தொங்குமே, பேரிக்காய் மாதிரி, அதுதான். தன் சார்ஜர் செருகும் பாயின்டுக்கு வரும் ஒயரை அதன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, சுவிட்சை அம்மாவின் இடது கையில் கொடுத்தான். அவள் பெருவிரலால் அழுத்தினால் இவன் பிரேம் விழும். திரும்ப அழுத்தினால் ஏறும்.

ஒரு தடவை விழுந்தால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் கீழே பாத்திரம் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் அவன் வைத்தான்.

மூன்றாவதை வைத்தது அம்மா. முதல் நாள் ராத்திரியே மூன்று தடவை அடுத்தடுத்து விழுந்தது. பதறிக்கொண்டு ஓடினான். தண்ணீர் வேண்டுமா, இல்லை. பாத்திரமா, இல்லை. வலிக்கிறதா, இல்லை. பிறகு என்னதான் என்று கேட்டான். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

"சும்மாவா கூப்பிட்டீக?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து மூன்று என்றால், ஒன்றும் வேண்டாம், சும்மா வா. ஒன்றும் இரண்டும் எப்போதாவது வரும். மூன்றுதான் தினமும் வந்தது.

அதனால் அவன் ஆட்டத்தில் செத்துச் செத்துப் பிழைத்தான். சுடப் போகும் நேரத்தில் முப்பது. ஒளிந்து ஓடும் நேரத்தில் முப்பது. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான். அணியில் இருந்தவர்கள் ஹெட்செட்டுக்குள் காறித் துப்பினார்கள். "ஒன் லேப்டாப்ப சுருளி அருவியில கொண்டுபோய்ப் போடு மாப்ள, கும்பிட்டுக் கேக்குறேன்" என்பான் அருண். அம்மா கூப்பிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வயதில், ராத்திரி ரெண்டு மணிக்கு, அம்மா கூப்பிட்டாள் என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிரேம் விழுகிறதடா, என்னவென்று தெரியவில்லை என்று சொல்லிவந்தான்.

அருணுக்கு பஸ் ஸ்டாண்டு எதிர்ச் சந்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. பழுது என்று காதில் விழுந்தால் விடமாட்டான். ஒரு சிறு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். லேப்டாப் ஓடும் ஒவ்வொரு வினாடியும் அது ஒரு வரி எழுதும். மணி, பிரேம், சூடு, சார்ஜரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா. நாளுக்கு ஒரு கோப்பு. அது பாட்டுக்கு ஓடட்டும் என்றான். அஷ்ரப் அதை மறந்தே போனான்.

ஜூனில் காற்று இறங்கியது. கணவாய் வழியாக மலையிலிருந்து வரும் காற்று கம்பத்தில் கம்பியோடு கம்பியை உரசவிடும். கரண்ட் கண் சிமிட்டுகிற மாதிரி போய்ப் போய் வந்தது. மேலே பேன் நிற்கக்கூட நேரம் இருக்காது, அதற்குள் வந்துவிடும். ஆனால் பிரேம் விழும். ஒவ்வொரு தடவையும் அஷ்ரப் எழுந்து ஓடினான். அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். வந்து உட்கார்ந்தால் திரும்ப விழும். திரும்ப ஓடுவான்.

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை ராத்திரி. தேனிப் பயல்களோடு போட்டியின் கடைசிச் சுற்று. மூன்று மாதமாக ஆடி வந்து சேர்ந்த இடம். அருண் முன்கூட்டியே சொன்னான்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்த பாட்டரி செட்டிங்க எடுத்து விட்ரு. அப்பறம் சார்ஜரையே புடுங்குனாலும் பிரேம் எறங்காது."

அந்த வழி அஷ்ரப்புக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் செய்யவில்லை என்பதும் அவனுக்கு மட்டும் தெரியும்.

1:30க்கு அம்மாவின் அறைக்குப் போனான். தண்ணீர் கொடுத்தான். பாத்திரம் வைத்து எடுத்தான். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தான். அவள் கண்ணை மூடும்வரை நின்றான். இனி விடியற்காலை பஜ்ர் பாங்குக்குத்தான் விழிப்பாள் என்று நினைத்தான். 1:48க்கு அந்த செட்டிங்கில் இருந்த டிக்கை எடுத்தான். ஒரு ராத்திரிதானே.

அன்றைக்கு ஒரு தடவைகூடப் பிரேம் விழவில்லை. நூற்றிருபது நூற்றிருபதாகவே நின்றது. அருண் காதுக்குள் கும்மாளம் போட்டான். அணி ஜெயித்தது. ஜெயித்து, கத்தி முடித்து, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 4:17க்குத் திரை கறுப்பாகிப்போனது. கரண்ட் போய்விட்டது, பாட்டரியும் தீர்ந்துவிட்டது என்று நினைத்தான். ஹெட்செட்டைக் கழற்றினான். அப்படியே சாய்ந்தான். பேன் காற்று குளிர்ந்தது. போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டான். நல்ல தூக்கம்.

காலையில் எழுந்து போனபோது மணி 6:40. அம்மாவின் கண் பாதி திறந்திருந்தது. முகம் வாசல் பக்கம் திரும்பி இருந்தது. நெற்றியைத் தொட்டான். தெருவுக்கு ஓடினான்.

எட்டு மணிக்குள் ஷாஜியா வந்துவிட்டாள். ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பெற்ற மகனாக இருந்தாலும் பெண் மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்தில் அவனுக்கு வேலை இல்லை. அஷ்ரப் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு ஷாஜியா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"ராத்திரி அம்மா கூப்பிட்டாகளா?"

"இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டாக."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்குப் பதில் இல்லை என்று சொன்னான். மூன்றாம் நாள் ஓதி முடித்த பிறகு அவள் அதையே கேட்டாள். அதே பதில். நாற்பதாம் நாள் வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் துலக்கிக்கொண்டே மறுபடி கேட்டாள். அதே பதில்தான். ஆனால் அதற்குள் நாற்பது ராத்திரி போயிருந்தது. எல்லா ராத்திரியும் அந்தக் கேள்வி ஒன்றைத்தான் அவன் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டாளா? கூப்பிட்டிருந்தால்...

தூக்கத்திலேயே போனாள் என்பது உண்மையாக இருந்தால் போதும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 29 ராத்திரி லேப்டாப்பைத் திறந்தான். ஆசையில் இல்லை. ராத்திரியில் தூங்கத் தெரியாத உடம்பு, எதையாவது செய்ய வேண்டும். அம்மாவின் கட்டிலை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. அறையில் நாலு கால் தடம் மட்டும் தரையில் இருந்தது. சுவிட்சும் இல்லை, அந்த ஒயரும் இல்லை. ஷாஜியா எலக்ட்ரீஷியனை வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாயின்டுக்கு நேர் லைன் கொடுக்கச் சொல்லியிருந்தாள். நல்லது என்று நினைத்தான். தனியாகவே ஆடினான்.

2:11.

படம் திக்கியது. மூலையைப் பார்த்தான். 30.

உடனே 120. உடனே 30. 120. 30. பிறகு 120 என்று நின்றது.

அஷ்ரப் பாதி எழுந்துவிட்டான். எழுந்த பிறகுதான் எங்கே போவதற்காக எழுந்தோம் என்று உறைத்தது. திரும்ப உட்கார்ந்தான்.

பழுது. வேறென்ன. நாற்பது நாள் மூடிக் கிடந்த மெஷின். சார்ஜரைப் பார்த்தான், செருகி இருந்தது, விளக்கு எரிந்தது. செட்டிங்கைப் பார்த்தான். டிக் இல்லை. ஜூனில் எடுத்தது எடுத்தபடி இருந்தது. அப்படியானால் சார்ஜரே நின்றாலும் முப்பதுக்கு இறங்கக்கூடாது. 2:17க்கு மறுபடி இறங்கியது. அதன் பிறகு 2:24. நடு நடுவே வந்துகொண்டே இருந்தது. 3:26 போல ஓய்ந்தது.

பகலில் அடிப்பக்கத்தைக் கழற்றினான். பேன் இறக்கையில் ஒட்டியிருந்த தூசியைப் பிரஷ் வைத்து எடுத்தான். சூடு கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்காக இருந்தது, சுரண்டி எடுத்துப் புதிது தடவினான். மென்பொருள்களை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். பின்னால் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்தினான். ராத்திரி ஒன்றரைக்கு உட்கார்ந்தான். சூடு எழுபதைத் தாண்டவில்லை.

2:11. மூன்று தடவை.

மறுநாள் அருண் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அருண் அவனைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொன்னான். அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் பதிவு மென்பொருளைத் திரும்ப ஏற்றி, அன்று ராத்திரி முழுக்க ஒரு சோதனையை ஓடவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனான். காலையில் பார்த்தால் ஒரு இடத்தில்கூட விழவில்லை.

"மெஷின்ல ஒன்னும் இல்ல மாப்ள. ஒங்க வீட்டு கரண்டுல ஏதோ இருக்கு."

வீட்டுக்கு வந்தது. 2:11. மூன்று தடவை.

பதிவுக் கோப்பை அனுப்பு, பார்க்கிறேன் என்று அருண் சொன்னான். எந்தக் கோப்பு என்று தேடும் பொறுமை அஷ்ரப்புக்கு இல்லை. கோப்புகள் இருந்த ஃபோல்டரை அப்படியே முழுதாக அனுப்பிவிட்டான். ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அருண் போன் செய்தான்.

"ஏலே, ஒரே கோப்ப ரெண்டு தேதி போட்டு வச்சிருக்கியா?"

இல்லையே என்றான் அஷ்ரப்.

"இப்ப ஆடுனதுல பிரேம் விழுது, சார்ஜர் நிக்கல. இன்னொன்னு ஜூன் மாசத்துது. அதுல சார்ஜர் நின்னு நின்னு வருது, பிரேம் விழல. ஆனா ரெண்டுலயும் நேரம் ஒன்னு. ரெண்டு பதினொன்னு, நாலாவது செகண்டு. அங்க ஆரம்பிக்குது. ஒரு வரிகூட மாறல."

"எத்தன தடவ?"

"முப்பத்தொம்பது. மூணு மூணா வருது. கடைசியா மூணு இருவத்தாறுக்கு நின்னது, திரும்ப வரவே இல்ல. பாட்டரியிலயே ஓடி நாலு பதினேழுக்கு அணைஞ்சிருக்கு. நீ பாக்கலயா? இது ஜூன் பதினெட்டு..."

அருண் அதோடு நிறுத்திக்கொண்டான். அந்தத் தேதியில் அவனும் அந்தச் சந்தில் நாற்காலி எடுத்துப் போட்டவன்தான்.  பிறகு, வைக்கிறேன்டா என்றான்.

அஷ்ரப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முப்பத்தொன்பதை மூன்றால் வகுத்தான். பதின்மூன்று. பதின்மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஒன்றேகால் மணி நேரம். அதில் ஒன்று இல்லை, இரண்டு இல்லை. தண்ணீர் கேட்கவில்லை. பாத்திரம் கேட்கவில்லை. மூன்று மட்டும்.

நிமிர்ந்து பார்த்தான். மேலே பேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் திரை அணைந்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தானே... பேன் காற்று குளிர்கிறது என்று போர்வையை இழுத்தானே.

கரண்ட் போயிருந்தால் பேன் எப்படிச் சுற்றியது?

வீட்டில் கரண்ட் இருந்தது. அவனுடைய ஒரு பாயின்டில் மட்டும் இல்லை. அம்மா அழுத்திய கடைசி அழுத்தலைத் திரும்ப எடுக்க ஆள் இல்லை. அது அப்படியே நின்றிருக்கிறது. அவன் அந்தப் பேனுக்குக் கீழே தூங்கியிருக்கிறான்.

அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்து, முதல் வேலையாக அந்த டிக்கைத் திரும்பப் போட்டான். விளையாட்டை ஓடவிட்டான். ஆடவில்லை. அவனுடைய ஆள் திரையில் சும்மா நின்றான். ஹெட்செட்டை மாட்டவில்லை. அந்த வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு, லேப்டாப் ஓடும்போது, ஹெட்செட் இல்லாமல் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

1:50. பேன் சத்தம். தெருவில் ஒரு நாய்.

2:05. நாய் நின்றுவிட்டது.

2:10. மூலையில் 120.

2:11.

டக்.

30.

டக். டக். 120. 30.

சத்தம் லேப்டாப்பிலிருந்து வரவில்லை.

அடுத்த அறையிலிருந்து வந்தது.

டக்... டக்.

மூன்றாவது.

இந்தச் சில ராத்திரியாக, அதற்கு முன்னால் அத்தனை மாதமாக, இந்தச் சத்தம் அங்கே இருந்திருக்கிறது. அவன் கேட்டதே இல்லை.

எழுந்தான். 

வாசல்படி. இருட்டு.

விளக்கைப் போடவில்லை. போட்டால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். அதைத்தான் அவனால் பார்க்க முடியாது.

தரையில் அந்த நாலு தடம். நடுவில் போய் நின்றான்.

யாரோ மூச்சு விடுவது கேட்டது. இடுப்பு உயரத்தில். கட்டில் உயரத்தில்...

"வந்துட்டேம்மா."

மூச்சு நின்றது.

பிறகு ஒன்றும் இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்தான். 2:17 ஆகியிருக்கும். சத்தம் இல்லை. 2:24. இல்லை. பாங்கு சொல்லும்வரை, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் மெயின் ரோட்டில் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே இருந்தான். விடிந்த பிறகு கோப்பைத் திறந்து பார்த்தான். 2:11க்கு மூன்று வரி. அதற்குப் பிறகு காலைவரை நூற்றிருபதேதான்.

முகம்கூடக் கழுவாமல் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினான்.

ஷாஜியா வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். மச்சான் அப்துல் அஜீஸ் கடைக்குப் போயிருந்தார். அவனுடைய கோலத்தைப் பார்த்துவிட்டு முதலில் உட்கார் என்றாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். அம்மா கூப்பிட்டாக. ஒன்றேகால் மணி நேரம் கூப்பிட்டிருக்காக. நான் போகல. ஆட்டத்துக்காக நான்தான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். மூன்று தடவையும் உன்னிடம் தப்பாகச் சொன்னேன்.

ஷாஜியா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

அன்றைக்குப் போர்வையை விலக்கியதுமே அவள் பார்த்துவிட்டாள். அதனால்தான் ஆண்களை வெளியே அனுப்பினாள். சுவிட்ச் அம்மாவின் இடது கைக்குள் இருந்தது. விரல்கள் இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை. மெயினை நிறுத்திவிட்டு, வெங்காயம் நறுக்கும் கத்தியால் ஒயரை அறுத்துத்தான் உடம்பையே தூக்க முடிந்தது. குளிப்பாட்டும்போது வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கூட இருந்த பெண்களிடம் வெளியே சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

"பெருவெரல்ல தோலு இல்ல தம்பி."

நீயாகச் சொல்வாய் என்று மூன்று தடவை கேட்டேன், சொல்லவில்லை, தெரியாமலே இருந்துவிட்டால் அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன் என்றாள்.

பிறகு உள்ளே போனாள். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தாள். அம்மாவுக்குச் சுற்றிய கபன் துணியில் மிஞ்சிய வெள்ளைத் துண்டு. அவிழ்த்தாள். பெட் சுவிட்ச். அறுத்த ஒயர் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ராத்திரியில அலமாரிக்குள்ள டக்கு டக்குங்குது. ஒங்க மச்சான் எலின்னு சொல்றாக. நான் எந்திரிச்சு மணி பாத்தேன். அன்னையிலருந்து தெனமும் ரெண்டு பதினொன்னு. ரெண்டு டக்குக்கு ஒன்னுன்னு படுத்துக்கிட்டே எண்ணுவேன். முப்பத்தொம்பது வரைக்கும் எண்ணிட்டுத்தான் தூங்குவேன்."

அஷ்ரப் அந்த ஒயர் முனையைத் தொட்டுப் பார்த்தான்.

"நேத்து மூணோட நின்னுருச்சு." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நேத்து அந்நேரம் நீ எங்கன இருந்த?"

"அம்மா ரூம்ல."

அவள் அந்தச் சுவிட்சைத் துணியோடு எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

அது இப்போது கம்பத்தில் இருக்கிறது. அந்த அறையில், நாலு தடத்துக்கு நடுவில், தரையில். அருண் ஒரு நாள் வந்து அதைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. திரும்ப மூடி வைத்துவிட்டு, டீ குடிக்காமல் போய்விட்டான்.

லேப்டாப்பை அஷ்ரப் திறப்பதே இல்லை. ராத்திரி 2:11க்கு எழுந்து அந்த அறைக்குப் போகிறான். தண்ணீர் எடுத்துப் போவதில்லை.

மூன்று என்றால் தண்ணீர் வேண்டாம்.